பிரேக் என்கிட்ட இருக்கு

போன வாரம் மாஸ்டரைச் செல்போன் கடை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், மனுஷர் ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாரா என்று நாலைந்து பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் வீட்டுக்குப் போனவர் பழைய மாஸ்டராக இல்லை.

மறந்தவர்களுக்கும், இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் இரண்டே வரி. மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்சை எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுத்தவர். அவருடைய ஒரே மகள் ஒரு வீடியோ கேம் செய்து விற்பனைக்கு விட்டிருக்கிறாள். பெயர் ‘நொறுக்கு’. கார் கூரையில் துப்பாக்கி, பம்பரில் ஈட்டி. கண்ணில் பட்ட வண்டியை எல்லாம் மோதி, சுட்டு, எரிக்க வேண்டும். கடைசியாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு வெற்றி. செல்போன் கடை வாசலில் சில இளவட்டங்கள் அதை விளையாடிக்கொண்டிருந்தார்கள். குண்டுச் சத்தத்துக்கு நடுவே மாஸ்டர் தன்னுடைய குரலையே கேட்டார்.

“கண்ணாடியப் பாரு... பாத்துட்டுத் திரும்பு...”

அப்புறம் ஒரு வெடி. அப்புறம் எல்லோருடைய சிரிப்பும்.

இரண்டு வரி என்று சொல்லி நீட்டிவிட்டேன். போகட்டும், மறுநாள் காலைக்கு வருவோம்.

மாஸ்டரின் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி, தெருவுக்கே மாஸ்டரம்மா, மகளின் பழைய கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. வக்கீல் வாயைத் திறக்கும் முன்பே அடித்து முடித்துவிடும் விரல்கள். கோர்ட்டுக்கு விடுமுறை விட்டதிலிருந்து அந்த விரல்கள் சும்மா இருக்க மாட்டேன் என்றன. பெண் அப்படி என்னதான் செய்திருக்கிறாள், பார்ப்போமே என்று உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

“அவகிட்ட சொல்லிடு. எடுக்கச் சொல்லு,” என்றார் மாஸ்டர்.

“எதை?”

“என்னை.”

“சொல்றேன், சொல்றேன். கொஞ்சம் இருங்க.”

கணினியிலிருந்து மாஸ்டரின் குரல் பொறுமையாகச் சொன்னது: “கண்ணாடியப் பாரு.” மாஸ்டரம்மா திரையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஒரு லாரி ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. படக்கென்று ஒதுங்கினார். ராக்கெட் வேறு யாரையோ எரித்தது.

“பாத்தீங்களா? நீங்க மட்டும் சொல்லலைன்னா நான் காலி.”

கல்யாணம் ஆன நாளாகத் தான் சொன்ன எதையும் மனைவி இவ்வளவு உடனே கேட்டதாக மாஸ்டருக்கு ஞாபகம் இல்லை. சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று புரியவில்லை. ஆறிய காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

டிரைவிங் ஸ்கூலில் மருந்துக்கடைக்காரர் காத்திருந்தார். அவருடைய பெண் இங்கேதான் கற்றுக்கொள்கிறாள். மனிதர் பத்திரிகையை மேஜைமேல் விரித்து வைத்து, ஒரு பத்தியில் விரலை ஊன்றினார்.

மாஸ்டர் படித்தார். ‘நொறுக்கு’ ஒரு ரத்தவெறி பிடித்த விளையாட்டு என்று எழுதியிருந்தது. அதோடு விட்டிருந்தால் அவரும் ஆமாம் என்று தலையை ஆட்டியிருப்பார். ‘இத்தனை கொலைக்கும் பின்னால் ஒரு சாந்தமான பெரியவரின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதைவிடக் கொடூரமான கற்பனையை நான் பார்த்ததில்லை’ என்று முடிந்திருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். நீங்க நல்லவர்தான். ஆனா வீட்ல எல்லாருக்கும் ஒரு மாதிரியா இருக்கு,” என்றார் மருந்துக்கடைக்காரர். பெண்ணின் வகுப்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

அவர் படியிறங்கியதும் மூன்று பேர் படியேறினார்கள். கல்லூரி மாணவர்கள். சேர வந்திருந்தார்கள்.

“அந்த மாஸ்டர் நீங்கதானே? ஒரே ஒரு தடவை சொல்லுங்க மாஸ்டர். ‘அவசரம் என்ன, அவங்களும் போகட்டும்’. ப்ளீஸ்.”

“அதை எப்ப சொல்றேன் நான், அந்த விளையாட்டுல?”

“எதிரி வண்டியை எரிச்சதும் மாஸ்டர்!”

ஒருவன் போனை நீட்டினான். விளையாட்டுகளை அலசுகிற யாரோ எழுதியிருந்தார்: ‘இந்தக் காட்டுமிராண்டிக் கூத்தில் மனசாட்சி என்று ஒன்று இருந்தால் அது அந்தக் குரல்தான்.’

ஒரே காலையில் கொலைகாரனும் மனசாட்சியும் ஆகிவிட்ட மனிதர் என்ன செய்வார்? எனக்கும் தெரியவில்லை. மாஸ்டர் சாவியை எடுத்துக்கொண்டு முதல் வகுப்புக்குப் போனார்.

வண்டி ஓட்டியது ஒரு நர்ஸ். நல்ல பெண், ஆனால் திரும்பும்போது பின்னால் பார்க்க மாட்டாள். கண்ணாடியைப் பாரும்மா என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் அடுத்து ஒரு வெடி கேட்குமோ என்று இருந்தது. வாயை மூடிக்கொண்டார். அவள் பார்க்காமலே திருப்பினாள், பின்னால் வந்த வேன் அலறியது, மாஸ்டரின் கால் தானாகப் போய்த் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தது. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதுதான் அவருடைய பிழைப்பு.

“என்ன மாஸ்டர், இன்னிக்கு வாயே திறக்க மாட்டேங்கிறீங்க?” என்றாள் நர்ஸ், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

அதே நேரத்தில் மகள் தன் அலுவலகத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பல் டாக்டரின் மாடி. மகள், எல்லோரும் ‘ஒல்லி’ என்று கூப்பிடுகிற அவளுடைய கூட்டாளி, படம் வரைகிற இரண்டு பேர், ஒரு பழைய மின்விசிறி. ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரையே கார் மோத வைத்திருக்கிற இந்தப் பெண்ணுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஸ்ஸில்தான் போய் வருகிறாள்.

நடந்தது இதுதான். விளையாட்டைச் செய்துகொண்டிருந்தபோது, குரல் வர வேண்டிய இடங்களில் சும்மா ஒப்புக்கு எதையாவது வைக்க வேண்டியிருந்தது. மகள் தன்னிடம் கிடந்த அப்பாவின் குரலை வெட்டி வெட்டி வைத்தாள். பிறகு ஓர் அறிவிப்பாளரைப் பிடித்து, கர்ஜிக்க வைத்து, பதிவும் செய்தாயிற்று. அந்தப் பதிவு கணினியில் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விளையாட்டு பழைய குரலோடு கடைக்குப் போய்விட்டது.

யாரும் கவனிக்கவில்லையா? எப்படிக் கவனிப்பார்கள்! குண்டு வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் கீழே பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒருவர் துள்ளிக் குதித்தார். டாக்டர் மேலே வந்து சத்தம் போட்டார். அன்றிலிருந்து இவர்கள் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் சோதித்தார்கள். உலகத்திலேயே சத்தமான விளையாட்டை ஊமையாகவே முடித்து அனுப்பினார்கள்.

“பாஸ், அறிவிப்பாளர் மறுபடி போன் பண்ணினார்,” என்றான் ஒல்லி. “சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் போட்டுக் காட்டியிருக்கார். ‘கிளட்சை மெதுவா விடு’ன்னு வேற யாரோ பேசியிருக்காங்க. மனுஷன் அழாத குறை.”

“தெரியும்டா.”

“அவரோட குரல் தயார். ஏத்திடட்டுமா?”

மகள் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. மாஸ்டரம்மா.

“உங்கப்பா எடுக்கச் சொல்றார்.”

“சரிம்மா, எடுத்துடறேன்.”

“எடுத்துத் தொலைக்காத! நான் முதல் பத்து பேருக்குள்ள வந்துட்டேன்.”

“அம்மா... அப்பா கோவமா இருக்காரா?”

“அதான் தெரியலை. கோவம்னா கத்துவார். காப்பியக் குடிக்காம போயிட்டார்.”

மகள் போனை வைத்தாள். கேட்காமல் எடுத்த குரல். அப்பாவின் முகத்தை நேரே பார்த்துக் கேட்காமல் அதை எடுத்தாலும் தப்பு, வைத்தாலும் தப்பு என்று பட்டது.

“இரு. அப்பாவைப் பாத்துப் பேசிட்டுச் சொல்றேன்,” என்றாள் ஒல்லியிடம்.

“எப்ப சொல்வ?”

“சாயங்காலம்.”

“கீழ டாக்டர் ஷட்டரை இறக்கற வரைக்கும் பாப்பேன்,” என்றான் ஒல்லி. “அதுக்குள்ள உன் போன் வரலைன்னா ஏத்திட்டு வீட்டுக்குப் போயிடுவேன். அந்த மனுஷனுக்கு நான் வாக்கு குடுத்துட்டேன் பாஸ்.”

“பண்றேன்டா.”

மூடிப்போன கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பெரிய வெட்டவெளி. அங்கேதான் மாஸ்டர் புதியவர்களுக்குப் பின்பக்கமாக ஓட்டக் கற்றுக்கொடுப்பார். மகள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தபோது வகுப்பெல்லாம் முடிந்து, பயிற்சி வண்டி மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் இருக்கை காலி. பக்கத்து இருக்கையில், தன் வழக்கமான இடத்தில், மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. வேறு வழியில்லாமல் அதில் ஏறி உட்கார்ந்தாள்.

மாஸ்டர் கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். வண்டிக்குள் யார் ஏறினாலும் போனை அணைத்து முன்பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது அவர் சட்டம். மந்திரியே கற்றுக்கொள்ள வந்தாலும் அதுதான். போன் பெட்டிக்குள் போனது.

 

“எங்கேர்ந்து எடுத்த, என் குரலை?”

“இந்த வண்டி கேமராலேர்ந்துதான்ப்பா. நான் கத்துக்கிட்டப்போ பதிவானது.”

“அப்ப அதெல்லாம் உங்கிட்ட சொன்னதா?”

“ஆமா.”

மாஸ்டர் யோசித்தார். “அதான் பாத்தேன். ‘பயப்படாத’ன்னு நான் வெறுமனே நிறுத்தினாப்ல இருந்துச்சு. நிறுத்த மாட்டேனே. ‘பயப்படாத பாப்பா’ன்னுல்ல சொல்வேன். அந்தப் பாப்பா எங்க போச்சு?”

“வெட்டிட்டேன்ப்பா.”

அவளுக்குக் குரலை எடுத்தது கூடப் பெரிய தப்பாகத் தெரியவில்லை. அந்த ஒரு சொல்லைத் தனியே நறுக்கித் தூக்கிப் போட்ட நாள் இப்போதுதான் உறைத்தது.

“கோவமாப்பா?”

“தெரியல. காலையிலேர்ந்து யோசிக்கிறேன். ஒருத்தன் நான் கொலைகாரன்கிறான், ஒருத்தன் மனசாட்சிங்கிறான். உங்கம்மா நான் சொல்றதைக் கேக்குறா. எனக்கு ஒண்ணுமே பிடிபடல.” வண்டிச் சாவியைக் கையில் உருட்டினார். “ஆனா ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. ‘பயப்படாத, பிரேக் என்கிட்ட இருக்கு’ன்னு சொல்றேன். சொல்லி முடிக்கல, வண்டி போய் மோதி வெடிக்குது. என்கிட்ட பிரேக் இல்லியே, பாப்பா. அங்க எனக்குக் காலே இல்லியே. இத்தனை பேர்கிட்ட நான் பொய் சொல்லிட்டிருக்கேனே.”

மகள் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

“அன்னிக்கு மட்டும் இருந்துச்சாப்பா?”

எந்த அன்றைக்கு என்று மாஸ்டர் கேட்கவில்லை.

இதே வண்டி. இதே இரண்டு இருக்கைகள். பெட்ரோல் பங்க் திருப்பத்தில் ஒரு விளக்குக் கம்பம். பதறிப்போய் அவள் தப்பான பெடலை மிதித்தாள். அப்பா பார்த்துக்கொள்வார் என்று நம்பினாள். வண்டி நேரே போய்க் கம்பத்தில் மோதியது. பெரிய அடி இல்லை. உதட்டில் ஒரு கிழிசல், அவ்வளவுதான். அப்பாவுக்கு மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டு போட்டார்கள். டேஷ்போர்டில் இடித்துக்கொண்டதாக வீட்டில் சொன்னார். மகள் அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

“பிரேக் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னீங்க. அடுத்த நிமிஷம் மோதிட்டோம். யார் யாருக்கோ போட்டிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் போடல?”

“போடல,” என்றார் மாஸ்டர்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேர்வை இல்லாத நெற்றி.

“மத்தவங்க பதறினா ‘மாஸ்டர்’னு கத்துவாங்க. கத்தினதும் என் கால் பிரேக்குக்குப் போயிடும், நான் யோசிக்கவே வேண்டாம். நீ ‘அப்பா’ன்னு கத்தின. அதுக்குக் கால் போகல, பாப்பா. கைதான் போச்சு. உன்னைப் பிடிக்கப் போச்சு.”

“கையா?”

“உன் நெஞ்சுக்கு முன்னாடி நீட்டிட்டேன். ஸ்டீயரிங்ல நீ போய் இடிக்காம. பிரேக்னு ஒண்ணு இருக்குறதே அந்த நேரத்துல மறந்துபோச்சு. கை மாட்டி ஒடிஞ்சுது. பிரேக் போடாத மாஸ்டர்னு யார்கிட்ட சொல்ல? டேஷ்போர்டுன்னு சொல்லிட்டேன்.”

மகள் திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள். அந்த மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், அவளுக்குத் தெரியும். அது தன்னைப் பிடிக்கப் போய்க் கோணியது என்று தெரியாது. அப்பா தன்னைக் கைவிட்டார் என்று இத்தனை வருஷம் நினைத்ததற்கு எங்கே போய் மன்னிப்புக் கேட்பது? அழுகை வந்தது. அதை அடக்கவும் இல்லை.

“சரி, சரி, மூச்சு விடு. ஒண்ணும் ஆகல,” என்றார் மாஸ்டர். சொன்னதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டில் வண்டி பாதி எரிந்ததும் வருகிற வசனம் அது.

“இப்ப சொல்லுங்கப்பா. எடுக்கட்டுமா, வைக்கட்டுமா?”

“வச்சுக்கோ. ஆனா எனக்கு அங்க ஒரு பிரேக் குடு.”

“என்னது?”

“பிரேக் என்கிட்ட இருக்குன்னு சொன்னா, நிஜமாவே இருக்கணும். நான் அதைச் சொன்னதும் வண்டி நிக்கணும்.”

“அப்பா, அது சண்டை விளையாட்டு! மோதப் போற நேரத்துல வண்டி நின்னா எவன் விளையாடுவான்?”

“அது உன் பாடு. எனக்கு அதெல்லாம் தெரியாது.”

மகள் மூக்கை உறிஞ்சினாள். மோதப் போகிற வண்டி திடீரென்று நிற்கிற விளையாட்டு. பைத்தியக்காரத்தனம். ஆனால் அவள் மூளையின் ஒரு மூலை ஏற்கெனவே அதை எப்படிச் செய்வது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அவள் அப்படிப்பட்டவள்தான்.

“ஒரே ஒரு தடவை,” என்றாள். “ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவை மட்டும் நிறுத்துவீங்க. போதுமா? பாப்பாவையும் திரும்பச் சேத்துடறேன்.”

“போதும்.”

“ஒல்லி என்னைக் கொன்னுடப் போறான்.” அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “ஐயோ, ஒல்லி! அப்பா, போன்!”

வெளியே வெளிச்சம் நன்றாக மங்கியிருந்தது. பல் டாக்டர் ஷட்டரை இறக்கி, வீட்டுக்குப் போய்ச் செருப்பையும் கழற்றியிருப்பார். முன்பெட்டியைத் திறந்து போனை உயிர்ப்பித்தாள். உயிர் வந்த கையோடு அடித்தது. ஒல்லி இல்லை. அம்மா.

“உங்கப்பாவைக் காணோம்டி!”

“இங்க எங்கூடத்தான்ம்மா இருக்கார்.”

“அந்த அப்பா இல்லடி! ஏதோ புதுசா ஏறுதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சு. ஏறி முடிஞ்சதும் பாத்தா, வேற எவனோ கத்துறான். பின்னாடி லாரி வந்தது எனக்குத் தெரியவே இல்ல. என்னை எரிச்சுட்டாங்க!”

மகள் போனை மடியில் வைத்தாள். அதிலிருந்து, அம்மாவின் குரலுக்குப் பின்னால், யாரோ கர்ஜிப்பது கேட்டது. நல்ல கர்ஜனைதான். மாஸ்டர் மெல்லக் குனிந்து போனிடம் கேட்டார்.

“அவரு பிரேக்கைப் பத்தி என்ன சொல்றாரு?”

“பிரேக்கா? ‘விடாதே, நசுக்கு’ங்கிறான். அவ்வளவுதான் தெரியும் அவனுக்கு.” மாஸ்டரம்மாவின் குரல் இறங்கியது. “நான் இனிமே யாரை நம்பி ஓட்டுறது?”

 மகள் குனிந்து பார்த்தாள். இன்ஜின் ஓடவில்லை, வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. அப்பாவின் கால் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.